சடையன் ஏறாத வில்வண்டி

இரங்கற்பாவைப் படித்துக்கொண்டே ‘வில்வண்டி’ என்ற சொல்லுக்கு நான் வந்ததும் சோளக்காட்டுச் சந்தை சிரித்துவிட்டது.

முதலில் சிரித்தது மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அடுத்து வாழைத்தார் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். நான் சிரிப்பைப் புரிந்துகொள்ளவில்லை. சத்தம் எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அதே வரியை இன்னும் உரக்கப் படித்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

“வில்வண்டி ஏறி வீதியுலா வந்த வேந்தே!”

“ஏனுங்க சாமி, எங்க சடையன் எந்த வீதியில வண்டி ஓட்டுனான்?” என்றார் பெரியவர். “இந்த மலையில மாடு நடக்கறதுக்கே வழி பத்தாதுங்களே!”

மறுபடியும் ஒரே சிரிப்பு. அப்போது மலைக்குப் பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து காலால் ஏறித்தான் வரவேண்டும். வில்வண்டியைக் கண்ணால் பார்க்காதவர்கள் அந்தச் சந்தையில் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். நானே அன்று விடிகாலையில் கிளம்பி, முட்டி வலிக்க ஏறி வந்தவன்தான். அப்படி ஏறும்போதுகூட அந்த வரி எனக்கு உறைக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் பாவாயி. சடையனின் மனைவி. புருஷன் பலா மரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த இரங்கற்பா நோட்டீசை அடிக்கச் சொன்னதே அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே நான் வாசித்தபோதுதான் அதில் என்ன இருக்கிறது என்று அவளும் முதன்முதலாகக் கேட்டாள்.

கிட்டே வந்து என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். நூறு நோட்டீசு.

“இது வேற யாரோ புருசனுங்க. எம்பட புருசன் இல்ல” என்றாள்.

ஒரே பெயர்தானே என்று நான் வாதாடப் பார்த்தேன். “சடையன் என்று போட்டிருக்கிறதே அம்மா!”

“பேரு அவருதுதான். ஆளு யாருங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கம்.

இரண்டு பாரம், ஊரெல்லாம் சாவு

அடிவாரத்து ஊரில் ஒரு சின்ன அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவனாக நான் இருந்தேன் என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். பாட்டுக் கட்டத் தெரியும் என்பதால் முதலாளி எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்.

அந்தக் காலத்தில் ஊரில் பெரிய மனிதர் யாராவது செத்தால் கருமாதிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு இரங்கற்பா கொடுக்கவேண்டும். சுற்றிக் கறுப்புக் கோடு, நடுவில் விருத்தம், கீழே ‘இங்ஙனம் ஆறாத் துயரில் ஆழ்ந்த’ என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு சாவுக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் கட்டுமா? ஈய எழுத்துக்களைக் கோத்துச் சட்டத்தில் இறுக்கிய பாரத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருப்போம். ஆண்களுக்கு ஒரு பாரம், பெண்களுக்கு ஒரு பாரம். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றினால் போதும்.

ஆண் பாரத்தை நான் முதன்முதலில் கட்டியது ஒரு பெரிய பண்ணைக்காரருக்காக. அவருக்கு நிஜமாகவே வில்வண்டி இருந்தது. அதற்குப் பிறகு மளிகைக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், அரிசி மில்காரர் என்று எல்லாருமே அந்த ஒரே வில்வண்டியில் ஏறித்தான் மேலுலகம் போனார்கள். வாத்தியார் மாட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவர். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. சொல்லப்போனால் பாட்டு அருமை என்று பாராட்டினார்கள்.

பெண் பாரம் ‘கற்புக் கனலே, கனிமொழி வாயே’ என்று தொடங்கும்.

போன வாரம் என் மனைவி சரசுவின் பிரசவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். தாயும் பிள்ளையும் ஒருசேரப் போனதை எழுதினேன். அதில் ஒன்றை மறைத்துவிட்டேன். சரசுவின் கருமாதிக்கும் அந்தப் பெண் பாரத்தில் பெயரை மாற்றித்தான் அடித்தேன். ஊருக்கே இரங்கற்பா கட்டியவன், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நடுங்கியது, அதனால் பாரத்தை எடுத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கனிமொழிக்கும் சரசுவுக்கும் வெகுதூரம். வாயைத் திறந்தால் சுரீரென்று இருக்கும். நான் அச்சாபீசிலிருந்து திரும்பினால் வாசலிலேயே மறித்துக்கொண்டு “கையைக் காட்டுங்க” என்பாள். விரலெல்லாம் மையும் ஈயமுமாக இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்து, அவள் மோந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சோறு. ஒருநாள் மூன்று தடவை கழுவவைத்தாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள்.

பெண்களுக்கு இரங்கற்பா அடிக்கிறவர்கள் குறைவு. சரசுவுக்குப் பிறகு அந்தப் பாரத்துக்கு வேலை வரவில்லை. பாவாயி வந்த சமயத்தில் ஆறு மாதமாக அவள் பெயர் அதிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு கடிதம், ஒரு பதில்

இந்த இடத்தில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ‘வாரா வாரம் சாவும் கண்ணீருமாக எழுதுகிறீர்களே, வயதான காலத்தில் மங்களகரமாக எதையாவது எழுதக் கூடாதா’ என்று கேட்டிருக்கிறார்.

கூடாது ஐயா. செத்தவர்களைப் பற்றி வாயை மூடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. அந்தச் சண்டையை எனக்குள் ஆரம்பித்து வைத்தவள் பாவாயி. இந்த வாரம் அவளைப் பற்றித்தான். பிடிக்காவிட்டால் அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்பு இருக்கிறது.

காயிதத்தின் வாய்

பாவாயி அச்சாபீசுக்கு வந்தது ஒரு ஆடி மாதக் காலை. தலையில் ஒரு பலாப்பழம், இடுப்பில் ஒன்று. இரண்டையும் வாசலில் இறக்கிவிட்டு, “செத்தவங்களுக்குப் பாட்டு அடிச்சுத் தருவீங்களாமே?” என்று கேட்டாள். முப்பது வயது இருக்கும். அப்போது எனக்கும் அதே வயதுதான்.

உங்கள் ஊரில் பாட்டுப் பாட ஆள் இல்லையா என்று முதலாளி கேட்டார்.

“நானே பாடுவேனுங்க. பாட உடல.”

அவள் ஊரில் ஒரு கட்டுப்பாடு. நோய் நொடியில் போனவர்களை வைத்துப் பெண்கள் அழுது பாடலாம். மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்து செத்தவர்களைப் பாடக் கூடாது. பேர் சொல்லிப் பாடினால் செத்தவன், தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மேலுலகம் போகாமல் ஊரையே சுற்றுவானாம். சடையனைப் புதைத்த அன்று பாவாயி வாயைத் திறந்ததும் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ஆள் விட்டு அடக்கியிருக்கிறார். இரண்டு பெண்கள் அவள் வாயைக் கையால் பொத்தினார்களாம்.

“வாயத்தானே பொத்துவாங்க? காயிதத்துக்கு என்ன பண்ணுவாங்க?” என்று அவள் கேட்டாள்.

முதலாளி பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஆம்பளைப் பாரத்துல பேரை மாத்திப் போட்டுடு.”

போட்டேன். வாய் பொத்தப்பட்டு, அதற்காகவே மலையிறங்கி வந்தவளுக்கு இன்னொருவன் வண்டியைக் கொடுத்தனுப்பினேன். அவள் மறுபடி இறங்கிவர வேண்டாம், சந்தை நாளில் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன். இரக்கத்தால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்று என் விருத்தத்தை ராகம் போட்டுப் படிக்கலாம் என்பதுதான் காரணம். அப்படிப் படித்த லட்சணத்தைத்தான் மேலே பார்த்தீர்கள்.

பாதிக் காடு

“வாங்க” என்றாள் பாவாயி, நோட்டீசுக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. “ஆளு யாருன்னு தெரியாமத்தானே எழுதிப்போட்டீங்க? வந்து பாருங்க.”

அவள் ஊர் ஆலத்தூர் நாட்டுப் பக்கம்; ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேர நடை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். என்னை என்று நினைத்துக் கூனிக் குறுகி நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் திட்டியது சடையனை.

“சொன்னா கேக்கற சென்மமா அது? மழ பேஞ்சு மரம் வழுக்குது, நாளைக்கு ஏறுன்னேன். என்னோட பேசறதில்லைன்னு வீம்பு. முறுக்கிக்கிட்டு ஏறுச்சு!”

“ஏன் பேசவில்லை?”

“ரெண்டு நாளாச் சண்டைங்க.”

சண்டை எதற்கென்று கேட்டதற்கு, வீடு வந்ததும் பின்னால் இருந்த சரிவைக் காட்டினாள். மரவள்ளி அப்போதுதான் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த புதுப் பயிர். காடு முழுக்க மரவள்ளி நடவேண்டும் என்பது சடையனின் கட்சி. சாமையை விடமாட்டேன் என்பது பாவாயியின் கட்சி. அவள் பாதிக் காட்டில் சாமை விதைத்துவிட்டாள். அவன் மீதிப் பாதியில் மரவள்ளிக் குச்சி நட ஆரம்பித்துவிட்டான். ஒரு வரிசையில் ஏழெட்டுக் குச்சி ஊன்றியிருந்தது. அதற்குமேல் வெறும் மண். மிச்சக் குச்சிகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்து அங்கேயே துளிர் விட்டிருந்தன.

“ஏன் அப்படியே விட்டுவிட்டாய்?”

“நான் நட்டா அது செயிச்சதாயிரும். பிடுங்குனா நான் செயிச்சதாயிரும். சண்ட இன்னும் முடியலீங்களே!”

நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். அவள் நிற்காமல் பேசினாள். எந்த மரத்திலும் சரசரவென்று ஏறுகிறவன், தவளையைக் கண்டால் அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வானாம். சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு பாதியில் பாட்டாக மாறியது. அங்கே வாய் பொத்த யாரும் இல்லை.

எழுதக் காகிதம் வேண்டுமே? நோட்டீசுக் கட்டைப் பிரித்து ஒன்றை உருவினேன். முன்பக்கம் வில்வண்டி. பின்பக்கம் வெள்ளை. பென்சிலை எடுத்து, அவள் பாடப் பாட எழுதினேன். மோனை தட்டின இடத்தில் ஒன்றிரண்டு சொல்லை நகர்த்தியது தவிர என் பங்கு அதில் ஒன்றும் கிடையாது.

பாதிக் காட்டில் சாமை வெதச்சேன்
பாதிக் காட்டில் குச்சி நட்ட
பாதிச் சண்ட மிச்சம் வெச்சுப்
பலா மரத்தில் ஏன் மாமா ஏறிப் போன?

தவள கண்டாத் தாவி வந்து
எம் முதுகில் ஒளிஞ்சவனே
எமனக் கண்ட நேரத்துல
என்ன ஏன் மாமா கூப்பிடல?

மீதிச் சண்ட நாக்குல நிக்குது
மொளகாப் போலக் காந்துது
வந்து ரெண்டு வார்த்த திட்டு
வாய்க்கு வாயி பேசறேன் மாமா.

படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இதுதாங்க எம்பட ஆளு” என்றாள்.

மறு சந்தை

ஞாயிற்றுக்கிழமை அச்சாபீசுக்கு விடுமுறை. கூட்டிப் பெருக்கிவைக்க எனக்கு ஒரு சாவி உண்டு. மத்தியானம் போய், முதலாளிக்குத் தெரியாமல் அந்தப் பாட்டைக் கோத்து நூறு பிரதி அடித்தேன். சுற்றிக் கறுப்புக் கோடு போட்டேன். ‘இங்ஙனம்’ என்ற இடத்தில் பாவாயி என்று ஒரே ஒரு பெயர்.

அடுத்த சந்தையில் போன வாரம் சிரித்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். “வண்டிக்காரர் வந்துட்டாருங்க!” என்று மிளகு மூட்டைப் பெரியவர் வரவேற்றார். கூட்டம் சேர்ந்தது. இந்தத் தடவை ஊர்க்கவுண்டரும் இருந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. சத்தம் போடவில்லை. போடத் தேவையில்லாத ஆள்.

“பாவாயி, காயிதத்த மடிச்சு வெய்யி. விழுந்து செத்தவனப் பாடறதில்லன்னு உனக்குத் தெரியாதா?”

“நான் பாடலீங்களே. அவரு படிக்கறாரு.”

“எல்லாம் ஒண்ணுதான். பேரச் சொன்னா அவன் போவமாட்டான். ஊரச் சுத்துவான்.”

“சுத்தட்டுமுங்க” என்றாள் பாவாயி. “அப்படியே எங்க ஊட்டுப் பக்கமும் ஒரு சுத்து வந்துட்டுப் போவட்டும்.”

ஊர்க்கவுண்டர் முகம் கறுத்தது.

“இந்த வருசம் நோம்பிக்கு நீ கோயில் பக்கம் வரக்கூடாது. சொல்லிப்புட்டேன்.”

“வரலீங்க. சாமிக்குப் பாட்டுக் கேக்கணும்னா சந்தைக்கு வரட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க படிங்க.”

நான் கீழ்நாட்டுக்காரன். ஊர்க்கட்டுப்பாட்டில் தலையிட்டால் மலையிறங்கும்போது கால் முழுசாக இருக்குமா என்றெல்லாம் ஓடியது. ஆனால் போன வாரம் அதே இடத்தில் நின்று அவளைத் தலைகுனிய வைத்தவனும் நான்தானே. படித்தேன். ராகம் போடவில்லை. அவள் பாறைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரியே படித்தேன்.

தவளை வரி வந்தபோது ஒருவர் சிரித்தார். “ஆமாண்டா, தவளைக்குப் பயப்படுவான்!” என்றார் மிளகு மூட்டைப் பெரியவர். சொன்னவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. முடித்தபோது ஊர்க்கவுண்டர் அங்கே இல்லை. பாதியிலேயே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அவர் கடைசிவரை மனம் மாறவில்லை. பாவாயியும் மாறவில்லை.

நோட்டீசை ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். மடித்து மடியில் செருகிக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். பொன்னி என்று பெயர். சுனையில் விழுந்து போன எட்டு வயதுப் பையனுக்குத் தாய். அவனையும் யாரும் பாடவில்லை.

“சாமி, இதையே பேர மாத்தி எம் பையனுக்கு ஒருக்காப் படிங்க” என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாய் ‘சரி’ என்று சொல்லத் தயாராக இருந்தது. பழக்கதோஷம். அதற்குள் பாவாயி குறுக்கே வந்துவிட்டாள்.

“பேர மாத்துனா ஆகாதுக்கா. உம் பையன் என்னென்ன சேட்ட பண்ணுவான்னு சொல்லு. அவரு எழுதுவாரு.”

பொன்னி மூட்டைமேல் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். அன்று பொழுது சாயும்வரை நான் சோளக்காட்டில் இருந்தேன். பென்சில் தேய்ந்து தீர்ந்தது.

கறுத்த கை

மறுநாள் அச்சாபீசில் முதலாளி கையில் சடையன் பாட்டு இருந்தது. மலையிலிருந்து இறங்கிய யாரோ கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

“இரங்கற்பாவுல தவளையா? சண்டையா? நம்ம ஆபீசு பேரு என்ன ஆகறது? மலைக்காரப் பொம்பளை உளறினதையெல்லாம் அச்சுல போடுவியா?”

“போடுவேன்” என்றேன்.

“இனிமே போடமாட்டேன்னு சொல்லு. சொல்லிட்டு வேலையப் பாரு.”

நான் சொல்லவில்லை. சுவரோரம் சாய்த்துவைத்திருந்த ஆண் பாரத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். ஆப்பைத் தட்டிக் கழற்றினேன். வில்வண்டியை எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டேன். முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். பிறகு பெண் பாரத்தை எடுத்தேன். கற்புக் கனல் போனது. கனிமொழி வாய் போனது. கடைசியாக அவள் பெயர் இருந்தது. மூன்றே எழுத்து. அவற்றை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன்.

அறையில் போடவில்லை. எழுத்துக் கோக்கும் குச்சியை எடுத்து, நின்றவாக்கில் புதிதாகக் கோத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே கோத்தேன்.

கையைக் காட்டு என்று கேட்க
வாசலில் யாரும் இல்லை.
கறுத்த கையோடு உண்கிறேன்,
கண்டிக்க வாடி சரசு.

ஒரே ஒரு பிரதி அடித்தேன். ஈரம் காயாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்தேன். வேலை போயிற்று.

வீட்டுக்கு நடந்தேன். விரலெல்லாம் மை. வாசற்படியில் நின்று, உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

“கழுவமாட்டேன். வந்து சண்டை போடு” என்றேன்.